மீன் எண்ணெய் மாத்திரைக்குள் வைட்டமின் இ எதற்கு?

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ‘டோகோஃபெரால்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதுதான் வைட்டமின் இ. மீன் எண்ணெய்க்குள் அதற்கு என்ன வேலை?

காவல் வேலை!

மீன் எண்ணெயின் சிறப்பே ஒமேகா-3 கொழுப்புதான். அதில் ஒன்றான டிஹெச்ஏவின் நீண்ட சங்கிலியில் 6 இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை ஒட்டிய இடங்களை ஆக்சிஜன் எளிதில் தாக்கும்.

கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூரையில் பொறி விழுந்தால் தீ அடுத்தடுத்த வீட்டுக்குத் தாவும். கொழுப்பும் அப்படித்தான். கெட்டுப்போன ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை வருவது இதனால்தான்.

பொறியைத் தன்மேல் வாங்கி அணைக்கும் ஈரச் சாக்குதான் வைட்டமின் இ. அணைத்த சாக்கு காய்ந்துவிடுமே? அதை மறுபடி நனைத்துக் கொடுப்பது வைட்டமின் சி.

விழுங்கிய பிறகும் கதை முடிவதில்லை. ஒமேகா-3 நம் செல்களின் சவ்வில் போய் அமர்கிறது. அங்கும் அதே ஆபத்து. எனவே மீன் எண்ணெய் கூடினால் வைட்டமின் இ தேவையும் கூடும். வைட்டமின் இ போதாமல் கொழுப்பு மீனையே தின்னும் பூனைகளுக்கு, உடல் கொழுப்பு மஞ்சளாகி வீங்கும் நோய் வருவதுண்டு.

அதற்காக வைட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் இ, ரத்தம் உறைவதைத் தடுக்கும். நிலக்கடலையிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இ இருக்கிறது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் சி இருக்கிறது. மீனோடு இவையும் உங்கள் சாப்பாட்டில் இருக்கட்டும்.