கடல்வழி – 17: கொக்கியில் 300 டன்

2003 டிசம்பர் 9. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பனி துறைமுகம். புயலும் இல்லை, அலையும் இல்லை. கரையோடு கட்டி நிறுத்தியிருந்த ‘ஸ்டெல்லாமாரே’ என்ற சரக்குக் கப்பல், தன் கிரேன்களைக் கொண்டே ராட்சத ஜெனரேட்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒன்று ஏற்கெனவே ஏறிவிட்டது. 300 டன்னுக்கும் மேற்பட்ட இரண்டாவதைத் தூக்கும்போது கப்பல் சாய்ந்தது. சாய்ந்த கப்பல் நிமிரவே இல்லை. ரஷ்ய மாலுமிகள் மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

கனரகச் சரக்கு என்றாலே நடுக்கடலும் சூறாவளியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், தளும்பாத தண்ணீரிலும் கப்பல் கவிழும்.

காரணம் எளிது. கிரேனில் தொங்கும் சரக்கு எவ்வளவு தாழத் தொங்கினாலும், கப்பலைப் பொறுத்தவரை அதன் முழு எடையும் கிரேனின் உச்சியில்தான் இருக்கிறது. தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பினாலே போதும், அத்தனை டன்னும் உச்சிக்குப் போய்விடும். பரிசலில் ஒருவன் சட்டென்று எழுந்து நின்றது போலத்தான். போதாக்குறைக்கு, அந்த எடை கப்பலுக்கு வெளியே, கரைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

இதை ஈடுகட்ட எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றுவார்கள். மாலுமிகள் இந்தத் தண்ணீரை பேலஸ்ட் என்பார்கள். கொஞ்சம் தூக்க வேண்டும், நிறுத்த வேண்டும், பம்ப் செய்ய வேண்டும், மறுபடி கொஞ்சம் தூக்க வேண்டும். சரக்கு கப்பலுக்குள் வர வர, ஏற்றிய தண்ணீரைத் திருப்பி மாற்ற வேண்டும். இதில் இன்னொரு வம்பு: தொட்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால், கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடும். காப்பாற்ற ஏற்றிய தண்ணீரே காலை வாரிவிடும். அதனால் பாரம் தூக்கும் வேலையில் கிரேன் ஓட்டுநரைவிட, கணக்குத் தாளோடு நிற்கும் முதன்மை அதிகாரியைத்தான் நான் முக்கியமானவராக நினைக்கிறேன்.

சரி, எந்திரம் டெக்கில் இறங்கிவிட்டது. இனி அது நகரக் கூடாது. பார்க்கிறவர்களுக்குத் தடித்த சங்கிலிகள்தான் கண்ணில் படும். அடியில் கிடக்கும் மரக்கட்டைகளை யாரும் கவனிப்பதில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சரக்குப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, இரும்புக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 என்று வைக்கிறது. 40 டன் எந்திரத்தை மரத்தின்மேல் வைத்தால், கப்பல் சமநிலையில் இருக்கும்போது 12 டன் அளவுக்கு வழுக்காமல் பிடிக்கும். காய்ந்த இரும்பின்மேல் வெறும் 4 டன். இரும்பு நனைந்திருந்தாலோ பூஜ்யம் என்றே கணக்கு. இரும்புப் பட்டை பூட்டிய எக்ஸ்கவேட்டரை நேராக இரும்பு டெக்கில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று புரிகிறதா?

அதன் பிறகுதான் சங்கிலியும் கம்பிவடமும். ஒவ்வொரு பக்கத்துக் கட்டுகளின் அனுமதிக்கப்பட்ட பலத்தைக் கூட்டினால், சரக்கின் எடைக்குக் குறையக் கூடாது என்பது கப்பல்காரர்களின் மனக்கணக்கு. டெக்கிலிருந்து 60 பாகைக்கு மேல் செங்குத்தாகப் போகும் கட்டுகள், பக்கவாட்டு வழுக்கலைத் தடுக்கும் கணக்கில் சேராது. கம்பிவடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 10 டன்னில் அறுந்துபோகக்கூடிய வடம், ஒரே ஒருமுறை பயன்படுத்துவது என்றால் 8 டன்னுக்குக் கணக்கு. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது என்றால் 3 டன்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

புறப்பட்ட பிறகும் வேலை தீராது. கப்பலின் அதிர்வில் கட்டுகள் தளரும், கட்டைகள் அமுங்கும். கடல் முரடாவதற்கு முன்பே, டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகுகளைச் சுற்றி மறுபடி இறுக்கியாக வேண்டும். அலை டெக்கில் ஏறத் தொடங்கிவிட்டால் அங்கே ஆளை அனுப்ப முடியாது.

(தொடரும்)