கெட்டியானதா, கெட்டுப்போனதா?

மைசூர் விஜயநகரில் குடியிருக்கும் தமிழர் தம் காரைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லுமுன், தாம் சொல்லப்போகும் சொல்லை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இதை நான் அநுபவத்தில் அறிந்தேன். என் சிறிய காரின் கிளச் மிதி சில மாதங்களாக இறுகிக்கொண்டே வந்தது. அலுவலகம் சென்று திரும்புவதற்குள் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். பட்டறையில் கன்னடத்தையும் தமிழையும் கலந்து, "கிளச் கெட்டி" என்றேன். கன்னடத்தில் 'கெட்டிதெ' என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். அவரும் கிளச் முழுவதையும் மாற்றுவதற்குச் செலவுக் கணக்கு எழுதிவிட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. நான் நோயைச் சொல்லாமல், என்னை அறியாமலே தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். பிறகு காலால் மிதித்துக் காட்டி விளக்கினேன். சோதித்துப் பார்த்ததில் பழுது கம்பிவடத்தில் மட்டுமே இருந்தது. அதை மாற்றியதும் மிதி பழையபடி இலகுவாயிற்று.

இறுக்கத்தைக் கன்னடத்தில் 'கட்டி' என்றோ 'பிகி' என்றோ சொல்ல வேண்டும். முன்னதைக் கங்கையின் முதலெழுத்துப்போலவும், பின்னதைப் பஸ்ஸின் முதலெழுத்துப்போலவும் ஒலிக்க வேண்டும். சொல் சரியானால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதியைத் தீர்க்க, மிதி ஏன் இறுகுகிறது என்பதை நாமே சற்று அறிந்திருக்க வேண்டும்.

கிளச் என்பது இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே நிற்கும் இணைப்பு. இயந்திரத்தோடு சுழலும் கனத்த சக்கரத்தின்மேல் ஓர் உராய்வுத் தட்டை, வலிய வில் ஒன்று அழுத்தமான தகட்டின் மூலம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் மிதியை அழுத்தும்போது, ஒரு கவையும் அதன் முனையிலுள்ள பேரிங்கும் அந்த வில்லைத் தள்ளுகின்றன, பிடி தளர்கிறது, கியரை மாற்ற முடிகிறது. மிதியின் விசையைக் கவைக்குக் கொண்டுசெல்லும் வழி இரு வகைப்படும். ஒன்று உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பிவடம். மற்றது குழாய்க்குள் அடைபட்ட திரவம். 1983 முதல் 2014 வரை தயாராகி, நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிப்போன மாருதி 800 கம்பிவட வகையைச் சேர்ந்தது.

ஆகவே மிதியின் இறுக்கம் மூன்று இடங்களில் ஒன்றில் தோன்றலாம்: மிதி தொங்கும் அச்சு, விசையைக் கொண்டுசெல்லும் வழி, கிளச்சின் உட்பகுதி. எந்த இடம் என்று காண்பது கடினம் அன்று. காரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

முதலில் மிதியின் அடியில் பாருங்கள். மடிந்த கால்விரிப்பு மிதியைத் தடுப்பதுண்டு. அடுத்து, கம்பிவட வகையானால், கவையோடு சேரும் முனையில் வடத்தைக் கழற்றிவிட்டு மிதியை அழுத்தச் சொல்லுங்கள். மிதி இப்போது இலகுவாக இறங்கினால், பழுது கிளச்சின் பக்கம் இருக்கிறது. அப்போதும் இறுக்கமாகவே இருந்தால், கிளச்சின் மேல் பழியில்லை. பழுது வடத்திலோ மிதியின் அச்சிலோ இருக்கிறது. மிதியின் பக்கத்து முனையையும் கழற்றி, கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தால் இரண்டில் எது என்பது விளங்கிவிடும். அச்சு உலர்ந்திருந்தால் கிரீஸ் போதும். வடத்தில் ஓரிழை அறுந்திருந்தாலும் வடத்தையே மாற்ற வேண்டும். உள்ளே வழவழப்பான பூச்சுடைய வடத்துக்கு எண்ணெய் விட வேண்டாம். தூசி ஒட்டி இன்னும் இறுகும். வடத்தை மாற்றிய பின்பும் மிதி கனத்தால், அது கூர்மையாக வளைந்து செல்கிறதா என்று பாருங்கள்.

திரவ வகையில், திரவத்தின் அளவையும் நிறத்தையும் பார்ப்பது முதல் வேலை. கீழேயுள்ள சிறு சிலிண்டர் துருவேறிச் சிக்கினாலும், ரப்பர்க் குழாய் உள்ளே உப்பி அடைத்தாலும் மிதி கனக்கும். திரும்பி எழவும் தாமதிக்கும். மாறாக, மிதி பஞ்சுபோல் மெத்தென்று இறங்கினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. மூடியில் குறித்துள்ள வகையைத் தவிர வேறு எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பழுது பெருகும்.

இவை யாவும் சரியாயிருந்து மிதி கனக்குமானால், உட்பகுதியைப் பார்க்க வேண்டியதே. உராய்வுத் தட்டு தேயத் தேய வில்லின் நிலை மாறி, அதை அழுத்துவதற்கு அதிக விசை வேண்டியிருக்கும். மேட்டில் ஏறும்போது இயந்திரம் இரைந்தும் வண்டி வேகம் பெறாவிட்டால், தட்டு தேய்ந்ததற்கு அதுவே சாட்சி. அப்போது தட்டு, அழுத்தும் தகடு, பேரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவது நியாயமான செலவு. கியர் பெட்டியை இறக்கும் கூலி ஒருமுறையோடு போகும். ஆனால் அதற்குமுன், வடத்தின் முனையிலுள்ள திருகை முறுக்கி இறுக்கத்தைப் போக்க முயல வேண்டாம். அந்தத் திருகு மிதியின் தளர்ச்சியைச் சரிசெய்வதற்கு மட்டுமே. தளர்ச்சி சிறிதும் இல்லாமற் போனால் தட்டு வழுக்கும், பேரிங்கும் தேயும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்லும் வழிதான் அதற்கு விடை. நஞ்சன்கூடு, சாமராஜநகர் கடந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில், திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. யானைகள் நடமாடும் காட்டு வழி அது. அறுந்துகொண்டிருக்கும் வடம் ஒன்று நகரில் அறுந்தால் தொல்லை. அந்த வளைவில், பின்னால் லாரி வர, குழந்தைகள் காரில் இருக்க, அறுந்தால் அபாயம். அப்படி நேர்ந்துவிட்டால் பிரேக்கை உறுதியாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நின்றுபோனால் அஞ்ச வேண்டாம். கைப்பிரேக்கைப் போட்டு, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு யாரையும் காட்டுக்குள் இறங்க விடாமல் உதவியை நாடுங்கள். இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது, இறுகிய மிதியோடு மலைக்குப் புறப்படாமலிருப்பதே.

மிதியின் ஆயுள் நம் காலில் இருக்கிறது. ஓட்டும்போது இடது காலை அதன்மேல் வைத்துக்கொண்டே செல்ல வேண்டாம். சாமுண்டி மலைச் சரிவில் காரை அரைக் கிளச்சில் நிறுத்தாமல் கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் லட்டுப் பிரசாதத்துக்காக விஜயநகர் யோகநரசிம்மர் கோயிலருகே திரளும் கூட்டத்தில் ஊர்ந்து செல்லும்போது, வண்டி நின்றதும் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள்.

மிதி இறுகுவது ஒரே நாளில் நடப்பதன்று. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறுகுவதால் கால் அதற்குப் பழகிப்போகிறது. எனவே மாதத்துக்கு ஒருமுறை, காரைச் சரியான நிலையில் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் அதே வகைக் காரின் மிதியை அழுத்திப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் பட்டறைக்குச் செல்லுங்கள். சென்றதும், கெட்டுவிட்டது என்று நாமாகத் தீர்ப்பளிக்காமல், எப்போது தொடங்கியது, எப்போது கனக்கிறது, என்ன ஒலி எழுகிறது என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். நம் பணமும் மிஞ்சும். ஊர்ப் பயணமும் இனிதாகும்.