தொலைகாட்டியை நேர்ப்படுத்தல்



எங்கள் தென்மராட்சிப் பகுதியில் வேலி வழக்கு என்பது புதினமான செய்தியன்று. ஒரு முழ நிலத்துக்காக நீதிமன்றப் படியேறி, அந்நிலத்தின் விலையைப்போற் பன்மடங்கு செலவிட்ட குடும்பங்களை எல்லோரும் அறிவர். அத்தகைய காணிக்கு நில அளவையாளர் வரும்போது, அவர் முக்காலியை ஊன்றித் தொலைகாட்டியை அதன்மேல் ஏற்றிய பின்னரும் உடனே அளக்கத் தொடங்குவதில்லை. திருகுகளைத் திருப்புகின்றார், குனிந்து பார்க்கின்றார், மறுபடியும் திருப்புகின்றார். கூடி நிற்போர் பொறுமை இழக்கின்றனர். அந்த நேரத்தில் அவர் செய்யும் காரியம் யாது என்பதையே இன்று விளக்க எண்ணுகின்றேன்.

வெறுந் தொலைகாட்டி தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டுமேயன்றி, எந்தப் புள்ளியை நோக்குகின்றோம் என்பதைக் காட்டாது. அதற்கு ஒரு கோடு வேண்டும். ஏறக்குறைய 1640ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கஸ்கோயின் என்பவர், தொலைகாட்டியினுள்ளே பிம்பம் விழும் இடத்தில் மெல்லிய இழையை வைத்தால் இழையும் பொருளும் ஒருங்கே தெளிவாகத் தெரியும் என்று கண்டார். குறுக்குக்கம்பி பிறந்த கதை இதுவே. பிற்காலத்தில் நெடுநாள் சிலந்தி நூலே இதற்குப் பயன்பட்டது. இழை சரியான இடத்தில் இருக்கின்றதா என்று அறிவது எளிது. கண்ணைச் சற்றே இடமும் வலமும் அசைத்துப் பார்க்கவேண்டும். பொருளின்மீது இழை நகர்வதுபோலத் தோன்றினால் குவியம் சரியில்லை என்பது பொருள்.

இவ்வாறு பெற்ற பார்வைக்கோட்டை வேறொன்றோடு இணைத்தாலன்றிப் பயனில்லை. வேட்டைத் துவக்கின்மேல் தொலைகாட்டி பொருத்துவோர் அதனைக் குழலோடு இணைக்கின்றனர். பின்பக்கத்து அடைப்பைக் கழற்றிக் குழலினூடாக ஓர் இலக்கைப் பார்த்து, குறுக்குக்கம்பியையும் அதே இலக்குக்குக் கொணர்வது முதற்படி. அது போதாது. குண்டு குழலை விட்டவுடனே விழத் தொடங்குகின்றது. பார்வைக்கோடோ குழலுக்கு மேலே நேராகச் செல்கின்றது. ஆகவே குழலைச் சற்றே மேல்நோக்கச் செய்து, குறித்த ஒரு தூரத்தில் இரண்டும் சந்திக்குமாறு அமைக்கவேண்டும். மூன்று முறை சுட்டு, துளைகளின் நடுவிடம் எவ்வளவு விலகியது என்று அளந்து, அந்த அளவுக்குத் திருகைத் திருப்புவர். திருகின் ஒரு சொடுக்கு காற்கலையாயின், நூறு மீற்றரில் ஏழு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நகரும். ஒரே முறை சுட்டுவிட்டுத் திருகைத் தொடுபவன் துவக்கைத் திருத்துகின்றானல்லன். தன் கை நடுக்கத்தையே அளக்கின்றான்.

நில அளவையாளரின் தியோடலைற்றில் காரியம் இன்னும் நுணுக்கமானது. யந்திரம் சுழலும் அச்சு செங்குத்தாக நிற்கவேண்டும். காற்றுக்குமிழி நடுவில் நிற்கும்படி திருகுவது இதற்காகவே. தொலைகாட்டி ஏறி இறங்கும் கிடையச்சு அதற்குச் செங்கோணமாகவும், பார்வைக்கோடு கிடையச்சுக்குச் செங்கோணமாகவும் அமையவேண்டும். இவை அமைந்துள்ளனவா என்பதை எதைக் கொண்டு சோதிப்பது? அக்கருவியையே கொண்டுதான். தூரத்துப் புள்ளி ஒன்றை நோக்கிக் கோணத்தைக் குறித்துக்கொண்டு, தொலைகாட்டியைத் தலைகீழாகப் புரட்டி, யந்திரத்தை அரைவட்டம் திருப்பி, அதே புள்ளியை மறுபடி நோக்கவேண்டும். இரு அளவுகளுக்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் இருந்தால் பார்வைக்கோடு செவ்வையானது. இல்லையேல், மிஞ்சுவதோ குறைவதோ பிழையின் இருமடங்காகும். முதன்முறை இடப்புறம் சாய்ந்த கோடு, புரட்டியபின் வலப்புறம் சாய்வதே காரணம். இரண்டின் சராசரியில் பிழை தானே நீங்கிவிடும். கருவி பொய் சொல்கின்றது என்பதை அதன் வாயாலேயே சொல்லவைக்கும் இம்முறையை நான் மிகவும் வியப்பதுண்டு. இன்றைய மின்னணுக் கருவிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல.

இதன் அருமையைத் தஞ்சாவூரில் நிகழ்ந்த ஒரு விபத்துப்போல வேறொன்றும் காட்டாது. 1802ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆம் நாள், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளந்து, வில்லியம் லாம்டன் தமது பேரளவையைத் தொடங்கினார். இலண்டனில் கேரி என்பவர் செய்த அவருடைய தியோடலைற்று அரைத் தொன் நிறையுடையது. அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டமுள்ளது. கடலில் வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்று, பின்னர் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

காவிரிச் சமவெளியில் மலை இல்லை. எங்கள் குடாநாட்டிற் பனைபோல, அங்கே தென்னை பார்வையை மறைக்கும். எனவே லாம்டன் கோயில்களின் உச்சியை நாடினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின்மேல் யந்திரத்தை ஏற்றும்போது கயிறு அறுந்தது. யந்திரம் சுவரில் மோதியது. பெட்டி நொறுங்கி, அளவு வட்டம் உருக்குலைந்தது.

முன்னர்ச் சொன்ன புரட்டும் முறை இங்கே உதவாது. சாய்ந்த பார்வைக்கோட்டின் பிழை ஒழுங்கானது. நெளிந்த வட்டத்தின் பிழையோ ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமானது. ஒரு கலைப் பிழை முப்பது கிலோமீற்றர் தூரத்தில் ஒன்பது மீற்றரளவு விலகலாகும். அடுத்த முக்கோணமோ அந்தப் பிழையின்மீதே கட்டப்படும். புதிய யந்திரம் இலண்டனிலிருந்து கப்பலேறி வரவேண்டும். லாம்டன் கூடாரத்தினுள் புகுந்து, ஆறு வார காலம் ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய உருவுக்குக் கொணர்ந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய அம்மனிதர் அந்த யந்திரத்தோடு மீண்டும் வடக்கு நோக்கி நடந்தார். 1823 சனவரியில் இங்கன்காட் என்னும் ஊரில் அவர் இறந்தபோது அளவை நடு இந்தியாவை எட்டியிருந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவரெஸ்ட் 1830இல் இங்கிலாந்திலிருந்து புதிய கருவிகளோடு திரும்பினார்.