அன்னியோன்னியம் என்றொரு போட்டி

"கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையம் ஒன்று 1991-ல் இந்தியக் கடற்கரையில் இயங்கத் தொடங்கியது. எந்த ஊரில்?"

குமரி மாவட்டத்து நூலகம் ஒன்றின் மர பெஞ்சில், வினாடி வினா அணியாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விடை மூவருக்குமே நேராகத் தெரியாது. "சென்னை ஐஐடிக்காரங்க செஞ்சது, எங்கேயோ படிச்சிருக்கேன்" என்கிறார் ஒருவர். "ஐஐடி சென்னையில இருக்கட்டும். ஆனா ஆனி, ஆடியில அலை ஓங்கி அடிக்கிறது மேற்குக் கரையிலதானே?" என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் நெற்றியைத் தேய்க்கிறார். "அண்ணே, கோவளத்துக்குப் பக்கத்துல மீன்பிடித் துறைமுகம் இருக்கே, அங்க அலைதடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கான்கிரீட் கட்டடம் பார்த்த ஞாபகம்." மூன்று துண்டுகளும் பொருந்துகின்றன. "விழிஞ்ஞம்!"

எதிர் பெஞ்சில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். விடை அவர் நாக்கு நுனியில் இருந்தது.

பிரிட்டனில் இந்த ஆட்டம் பப் எனப்படும் மதுவிடுதிகளில் லீக் முறையில் நடக்கும். வாரம் ஒரு மோதல். அடுத்த தெரு அணியோடு பல ஆண்டுப் பகை. ஆட்டம் முடிந்ததும் ஒரே மேசையில் பேச்சு. இந்தியாவுக்குப் பொது க்விஸ் வந்த வழி வேறு. 1967-ல் கல்கத்தாவின் ஒரு தேவாலய மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் தொடங்கிவைத்தார். பெங்களூரில் 1983-ல் கர்நாடக க்விஸ் சங்கம் பிறந்தது. சென்னையில் ஆகஸ்ட் 15 என்றால் லேண்ட்மார்க் க்விஸ் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. இடம் எதுவானாலும் ஒன்று மாறவில்லை: ஒருமுறை வந்தவர்கள் மறுமுறையும் வருவார்கள், அதே எதிரணியைத் தேடி.

ஏன்? பள்ளியில் படித்ததெல்லாம் பரீட்சை முடிந்த கையோடு பறந்துவிடுகிறது. க்விஸில் கோட்டைவிட்ட ஒரு விடை மட்டும் இருபது ஆண்டு கழித்தும் நெஞ்சில் நிற்கிறது. இதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது.

முதல் காரணம், நினைவு என்பது பூட்டிவைக்கும் பெட்டி அல்ல. எடுக்க எடுக்க உறுதிப்படும் ஒன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பாடத்தைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தேடும் அந்த அரை நிமிட அவஸ்தைதான் நினைவை இறுக்குகிறது.

இரண்டாவது, ஆவல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் க்ரூபரும் சகாக்களும் 2014-ல் செய்த சோதனையில், கேள்விக்கும் விடைக்கும் நடுவே சில விநாடிகள் இடைவெளி விட்டு, அதற்குள் தொடர்பில்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். விடையை அறியத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்த முகங்கள், ஆவலின்றிப் பார்த்தவற்றைவிட நன்றாக நினைவில் தங்கின. ஆவல் மூளையின் கதவைத் திறக்கும்போது, பக்கத்தில் நிற்பதும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'இதுதான் விடை' என்று அடித்துச் சொல்லி, அது தப்பாகிப்போனால் என்ன ஆகும்? உறுதியாக நம்பிய தவறைத் திருத்துவதுதான் கடினம் என்று தோன்றும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-ல் கண்டது இதற்கு நேர்மாறு. அரைமனதாகச் சொன்ன தவறின் திருத்தத்தைவிட, உறுதியாகச் சொன்ன தவறின் திருத்தம்தான் நன்றாக மனத்தில் பதிகிறது. அதிர்ச்சி கவனத்தை இழுத்து நிறுத்துகிறது.

விழிஞ்ஞத்து அலை நிலையம் இங்கே உதவிக்கு வருகிறது. அடிப்புறம் கடலுக்குத் திறந்த ஒரு கான்கிரீட் அறை. அலை ஏறும்போது உள்ளே நீர் உயர்ந்து காற்றை வெளியே தள்ளியது. இறங்கும்போது காற்றை உள்ளே இழுத்தது. காற்றின் வழியில் ஆலன் வெல்ஸ் வடிவமைத்த வகை டர்பைன். காற்று போனாலும் வந்தாலும் அது ஒரே திசையில்தான் சுழன்றது. 150 கிலோவாட் திறனுடன் ஐஐடி அமைத்த அந்த நிலையத்தின் சூட்சுமம் அதுதான். நல்ல எதிரணி கிடைத்த நினைவும் அப்படித்தான். விடை சரியானாலும் தவறானாலும் சக்கரம் கற்றல் என்ற ஒரே திசையில் சுழல்கிறது.

இதையெல்லாம் தனியாக வீட்டில் செய்யலாமே, எதிரணி எதற்கு? கேவின் கில்டஃப் என்ற ஆய்வாளர் ஓட்டக்காரர்களின் பந்தய முடிவுகளை அலசி 2014-ல் ஒரு விடை தந்தார். வழக்கமாக மோதும் போட்டியாளரும் அதே பந்தயத்தில் இருந்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 விநாடி வேகமாக ஓடுகிறார்கள். முன்பின் அறியாதவரோடு மோதினால் இந்த வேகம் வருவதில்லை. நமக்குச் சமமானவர், நம்மோடு பலமுறை மோதியவர், மயிரிழையில் ஜெயித்தவர் அல்லது தோற்றவர்: இவர்தான் நம்மை ஓடவைக்கிறார். தலையில் கை வைத்த அந்த எதிரணிக்காரர் அன்றிரவே விழிஞ்ஞத்தைத் தேடிப் படிப்பார். ஆய் மன்னர்களின் துறைமுகம், குடைவரைக் கோயில், கரையோரமே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம், 2024 ஜூலையில் வந்து நின்ற 'சான் ஃபெர்னாண்டோ' சரக்குக் கப்பல் என்று ஒன்று விடாமல் தெரிந்துகொண்டுதான் அடுத்த வாரம் வருவார்.

விழிஞ்ஞம் இருக்கும் கேரளத்துக்கு இப்படிப்பட்ட எதிரணி மோதல் புதிதல்ல. திருச்சூர் மாவட்டத்துக் கடவல்லூர் ராமர் கோயிலில், விருச்சிக மாதத்தில், திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு மடங்கள் ரிக் வேதத்தை மனப்பாடமாக ஓதி மோதும் மரபு உண்டு. ஒரு மடத்தார் ஓத, மறு மடத்தார் காதைத் தீட்டிக்கொண்டு பிழை பிடிப்பார்கள். ஓதும் முறைகளில் ஒன்று ஜடை. 'கடல் அலை கரை' என்ற மூன்று சொற்களை வைத்துப் பார்க்கலாம்: கடல் அலை, அலை கடல், கடல் அலை, பிறகு அலை கரை, கரை அலை, அலை கரை. நடுவிலுள்ள 'அலை' ஆறு தடவை வருகிறது. ஒரு சொல் திரிந்தால் ஆறு இடத்திலும் திரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒரே தகவலை உபரியாகத் திரும்ப அனுப்பிப் பிழையைக் கண்டறியும் இன்றைய கணினி உத்திக்கு இது நெருங்கிய உறவு. அந்தப் போட்டியின் பெயர் 'அன்யோன்யம்'. தமிழில் நாம் அன்னியோன்னியம் என்று நெருக்கத்தைச் சொல்லும் அதே சொல். பிழை பிடிக்கும் எதிரிதான் பாடத்தைக் காப்பாற்றும் கூட்டாளி என்று அந்தப் பெயரை வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த மேடை ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. அறிவுப் போட்டி எல்லாருக்கும் உரியதாக, நூலகம் எல்லாருக்கும் திறக்க வேண்டியிருந்தது. 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களோடு அம்பலப்புழையில் தொடங்கிய நூலகச் சங்கம் அந்த வேலையைச் செய்தது. அவர் மறைந்த ஜூன் 19, இன்று கேரளத்தில் வாசிப்பு நாள். அந்த வாரத்தில் பள்ளிக்குப் பள்ளி வினாடி வினா நடக்கும். மீனவர் பிள்ளையும் ஆசிரியர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஓரணியாக உட்கார்கிறார்கள். கடல் ஒருவருக்குத் தெரியும், புத்தகம் ஒருவருக்குத் தெரியும். யாருக்கு எது தெரியும் என்று அறிந்து ஒருவர் நினைவை ஒருவர் பயன்படுத்திக்கொள்வதை, டேனியல் வெக்னர் 1985-லேயே கூட்டு நினைவாக விளக்கினார். தனித்தனியே யாருக்கும் தெரியாத விடையை மூவர் சேர்ந்து கண்டது அப்படித்தான்.

உங்கள் ஊர் நூலகத்திலும் ஒரு மர பெஞ்ச் இருக்கும். மூன்று பேர் சேருங்கள். ஆளுக்கொரு துறை தெரிந்தவர்களாக இருக்கட்டும். பிறகு அடுத்த ஊரிலிருந்து, உங்களுக்குச் சமமான இன்னும் மூன்று பேரைத் தேடுங்கள். உங்களைத் தோற்கடிக்கக்கூடியவர்களாகப் பார்த்துத் தேடுங்கள்.