குரங்கின் பிறந்தகம் எது?

களவாகப் பிடித்து விற்கப்பட்ட குரங்குக்குட்டியொன்று மீட்கப்படின், எக்காட்டிலே அதனை மீள விடுவது? விற்றவன் மெய் சொல்லான்.

உடற்கலத்தினுள் இழைமணி என்றொரு நுண்ணுறுப்பு உண்டு. அதிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுச்சரடு தாய்வழியாகவே இறங்குவது. நம் நாட்டுச் செங்குரங்கில் ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் புகும். பெண் பிறந்த கூட்டத்திலேயே தங்கும். தாய்வழிக் குடியெண்ணி, மாப்பிள்ளையைப் பெண்வீட்டுக்கு அழைக்கும் நம் கரையூரார்க்கு இது புதிதன்று! ஆதலின் தாய்வழிக் குறி நிலத்தோடு ஒட்டி நிற்கும்.

கமரூன் நாட்டில், லிம்பே காப்பகத்துச் சிம்பன்சிகளை இவ்வாறு, தாய் தந்தை இருவழியாலும் இறங்கும் குறிகளையும் சேர்த்து, ஆராய்ந்து 2010இல் முடிபு வெளியிட்டனர். பெரும்பாலானவை அந்நாட்டிலேயே பல திசைகளிலும் பிடிபட்டவை.

வரண்ட வலயம், ஈரவலயம், மலைநாடு எனச் செங்குரங்கு மூவகை. நாவிதன்வெளிப் பக்கத்தது முதல்வகை. இடம்மாற்றி விட்டால் வகை கலந்துபோம். ஒப்பிடுதற்கு ஒவ்வொரு காட்டின் மாதிரியும் முன்னரே வேண்டும். அதற்கு விலங்கைப் பிடிக்க வேண்டுவதில்லை, அது இட்டுச்சென்ற மலமே போதும்.