ஆங்கிலப் பாடவேளையில் மட்டும் ஏன் இவ்வளவு சேட்டை?

தமிழ்ப் பாடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த பையன், ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். "டீச்சர், இவன் அடிக்கிறான்!" என்று ஒரு குரல். அதோடு பாடம் போச்சு. குமராட்சி ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கொள்ளிடக் கரையை ஒட்டிய, நெல் விளையும் ஊர்கள் இவை. பள்ளியை விட்டால் ஆங்கிலம் காதில் விழ வழி குறைவு. கணக்கு புரியாத பிள்ளைகூட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் அந்தப் பிடிமானமும் இல்லை. வாய் திறந்து தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதற்குச் சேட்டை செய்து திட்டு வாங்குவது எவ்வளவோ கௌரவம்! எட்டு வயதில் இந்தக் கணக்கைப் போடுகிறவனை மக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணம் ஆள் பற்றாக்குறை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் பாடம் சொல்லும்போது நாலாம் வகுப்பு சும்மா இருக்க வேண்டும், இருக்குமா? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. சின்னப் பள்ளியில் அதையும் அதே இருவர்தான் பார்க்க வேண்டும்.

2009-இல் வந்த அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பிரம்பு போனதில் மொழிப்பாடத்துக்கு லாபம்தான். பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளை எந்த மொழியைப் பேசும்?

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, பாட்டும் ஆட்டமுமாகப் பாடம் நடத்தச் சொன்னது. நல்ல வழி. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிய டீச்சர் செல்போனைக் குனிந்து பார்த்தால் போதும், வகுப்பு கைவிட்டுப் போய்விடும்.

2025 ஜூலையில் மாணவர்களை 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொன்ன சுற்றறிக்கை, விமர்சனம் எழுந்ததும் நிறுத்திவைக்கப்பட்டது. இருபது பிள்ளைகள் உள்ள கிராமத்து வகுப்புக்குச் சுற்றறிக்கையே தேவையில்லை. பாயை வளைத்துப் போட்டால் முடிந்தது. கடைசி வரிசை இல்லாத இடத்தில் ஒளிந்துகொண்டு கிள்ள முடியாது.

ஒளியாமல் கிள்ளுகிறவனை என்ன செய்வது? 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்: பிள்ளை முதலில் பேச வேண்டாம், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்தால் போதும். 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்', 'ஜம்ப்'. நாலைந்து நாள் செய்து பழகியதும் கட்டளையிடும் வேலையைச் சேட்டைக்காரனிடமே கொடுத்துப் பார்க்கலாம். ஊரையே குதிக்க வைக்கும் அதிகாரம் கிடைத்தால் கிள்ள நேரம் எங்கே? பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாகும் என்றால் மரத்தடி இருக்கிறது.

சத்தம் குறையாது, கூடவே செய்யும். பார்வையிட வரும் வட்டாரக் கல்வி அலுவலர் அதைக் கேட்டு வாசலிலேயே முகம் சுளிக்காமல், பிள்ளைகள் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு உள்ளே வரட்டும்.