உஷார்! டிக்கி ஜாக்கியை நம்பி பிரேக்கில் கை வைக்காதீர்கள்

சிட்னியின் மேற்கே நார்த்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் சனிக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு டிரைவ்வேயில் கார் ஒருபக்கமாகத் தூக்கி நிற்கும். கழற்றிய சக்கரம் வேலியில் சாய்ந்திருக்கும். பக்கத்தில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பேட் மாற்றுகிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கூலியே எக்கச்சக்கம். நாமே செய்தால் பேட் விலையோடு முடிந்தது. கணக்கு புரிகிறது. வேலையும் கம்பசூத்திரம் இல்லைதான். ஆனால் அந்தக் காரைத் தாங்கிக்கொண்டிருப்பது எது என்று குனிந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது. பல வீடுகளில் அது ஸ்டெப்னியோடு டிக்கியில் வந்த கத்தரி ஜாக்கி. அது மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவில் காருக்கு அடியில் நசுங்கி ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து பேர் சாகிறார்கள் என்று இங்குள்ள போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. பல வருஷமாகச் சொல்லி வருகிறது. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம், வண்டியைத் தப்பாகத் தூக்கியது அல்லது தப்பாக முட்டுக்கொடுத்தது. வீட்டில் கார் வேலை பார்ப்பவர்களுக்கு மற்ற எந்தச் சாமானைவிடவும் ஜாக்கியால்தான் அதிகக் காயம் என்றும் அதே ஆணையம் எச்சரிக்கிறது.

“நான் அடியில் படுக்கப் போவதில்லையே, பக்கத்தில் உட்கார்ந்துதானே மாற்றுகிறேன்” என்பார்கள். இந்த நினைப்புதான் ஆபத்து. ஸ்டெப்னி மாற்றும்போது நட்டைக் கழற்றி, சக்கரத்தை மாட்டி, ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவீர்கள். பிரேக் வேலை அப்படி இல்லை. தலை மட்கார்டுக்குள் இருக்கும், இரண்டு கையும் டிஸ்க்கைச் சுற்றி இருக்கும். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் வருஷக்கணக்காகத் துருவேறி இறுகியிருக்கும். அதைக் கழற்ற உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுப்பீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி ஆடும். கத்தரி ஜாக்கியின் தலை இரண்டு விரல் அகலம்தான். ஆடுகிற வண்டியைப் பிடித்து வைக்க அது செய்யப்பட்டதே இல்லை. சக்கரமும் இல்லாத நேரத்தில் வண்டி இறங்கினால் தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். மார்பின் மேல் வண்டி உட்கார்ந்தால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. நாலைந்து நிமிஷத்தில் மூளை பாழாகத் தொடங்கும். மூன்று பூஜ்யத்தை அழுத்தி ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

ஆகவே சாமான் வாங்கப் போகிறவர்கள் முதல் காசை ஒரு ஜோடி ஸ்டாண்டுக்குச் செலவழியுங்கள். ஸ்பேனர் செட் அப்புறம். டிராலி ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. டிராலி ஜாக்கி எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் சத்தமில்லாமல் இறங்கும். ஆஸ்திரேலியாவில் இவை இரண்டுக்கும் கட்டாயப் பாதுகாப்புத் தரம் உண்டு. ஸ்டாண்டுக்கு ஏ.எஸ்/என்.இசட்.எஸ் 2538, டிராலி ஜாக்கிக்கு 2615. அந்த எண் எங்கும் இல்லை, எத்தனை கிலோ தாங்கும் என்ற எழுத்தும் இல்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் இந்தத் தரத்தைக் கண்ணாலும் பார்க்காத சரக்கு தாராளமாக விற்கிறது. பழைய சாமான் வாங்கினால் ஸ்டாண்டின் வெல்டிங்கையும் பல்லையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெல்டிங்கில் முடி அளவு விரிசல் இருந்தாலும் அது குப்பைக்குத்தான். எழுதியிருக்கும் எடை ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் கவனியுங்கள். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய.

பெரிய கடைச் சரக்கென்றும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரைட் கடை, தான் விற்ற ‘பிட்ஸ்பர்க்’ ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தூக்கும் தண்டின் பற்களில் கொக்கி சரியாக மாட்டாமல், பாரத்தோடு நழுவி இறங்கும் குறை அதில் இருந்தது. அதற்கு மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றில் வெல்டிங் குறை என்று அவற்றையும் திரும்ப அழைத்தார்கள். அதனால்தான் பல்லும் கொக்கியும் போதாது, குறுக்கே ஒரு பூட்டு ஊசியும் போடுகிற மாதிரி ஸ்டாண்டாகத் தேடி வாங்குங்கள் என்கிறேன். ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்ததும், சக்கரத்தைக் கழற்றும் முன்பே, பக்கவாட்டில் நின்று பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை வேலியில் சாய்க்காமல் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப் போடுங்கள். ஸ்டாண்ட் கைவிட்டாலும் உங்கள் உயிருக்கு ஒரு சாண் இடமாவது மிஞ்சும்.

பெசர் பிளாக், செங்கல், மரத்துண்டு அடுக்கி முட்டுக்கொடுப்பதைப் பார்த்தால் போய்த் தடுத்துவிடுங்கள், அடுத்த வீட்டுக்காரர் கோபித்தாலும் சரி. உள்ளே பொந்து விட்ட கல் ஒரு முனையில் பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் தூளாகும். இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை காட்டாது.

தரையும் ஒரு சாமான்தான். சரிவான டிரைவ்வேயில் இந்த வேலை கூடவே கூடாது. புல் தரையிலும் கூடாது: தூக்கும்போது டிராலி ஜாக்கி முன்னால் உருள வேண்டும், உருள முடியாமல் சிக்கினால் வண்டியின் தாங்குமிடத்திலிருந்து தலை விலகும். கோடையில் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஜனவரி 4-ம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நாளில் தார் இளகும், ஸ்டாண்டின் கால் மெல்ல உள்ளே புதையும். சமமான கான்கிரீட் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத்தான் ஆக வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து வைப்பது தரையில் நிற்கும் முன் சக்கரங்களுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டைகள்தான். இரண்டு பக்கமும் கொடுங்கள்.

வண்டி பத்திரமாக நின்றபின் அடுத்த பொறி டார்க் ரெஞ்ச். சக்கர நட்டுக்கு வாங்கிய பெரிய அரை இஞ்ச் ரெஞ்சை வைத்தே எல்லாவற்றையும் முறுக்குகிறார்கள். டொயோட்டா கொரோலா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல வருஷத்து மாடல்களில் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுக்கு 107. ஆனால் கேலிப்பரைப் பிடிக்கும் சின்ன ‘ஸ்லைடு பின்’ போல்ட்டுக்கு வெறும் 34. பெரிய ரெஞ்சுகள் பலவும் நாற்பதுக்கு மேலேதான் தொடங்குகின்றன. ‘கிளிக்’ வரும் வரும் என்று இழுத்துக்கொண்டே போனால் மரை போய்விடும், அல்லது போல்ட் உள்ளேயே முறியும். சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். இந்த எண்களை உங்கள் வண்டிக்கு அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ராட்டில் கன் கழற்ற மட்டும். அதை வைத்து இறுக்கவே இறுக்காதீர்கள். சாக்கெட் வாங்கும்போது ஆறு பட்டை வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

பின் சக்கரத்துக்குப் போகும் முன் நில்லுங்கள். முன் கேலிப்பரின் பிஸ்டனை ‘சி’ கிளாம்ப் போட்டு மெதுவாக அமுக்கிவிடலாம். பின் கேலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக் பொறியும் சேர்ந்திருந்தால், பிஸ்டனைத் திருகிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும், அதற்குத் தனி சாமான் உண்டு. கிளாம்ப்பால் அமுக்கினால் உள்ளே உடைகிறது, வெளியே தெரியாது. பொத்தானில் வேலை செய்யும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால், ஸ்கேனர் மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடக்கூடாது.

ஊபர் ஓட்டும் நம் பிள்ளைகள் கையில் ஹைபிரிட் வண்டிகள் ஏராளம். அவர்களுக்கு இது முக்கியம்: பிரியஸ் போன்ற சில ஹைபிரிட்களில் டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். கேலிப்பர் கழன்று கிடக்கும் நேரத்தில் பிள்ளை ஓடிவந்து கதவைத் திறந்தால் பிஸ்டன் வெளியே பாயும், இடையில் விரல் இருந்தால் விரல் போகும். மேனுவலில் சொன்னபடி பிரேக் கட்டுப்பாட்டை முடக்காமல் இவற்றைத் தொடாதீர்கள்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடையானது 2003 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முந்தைய வண்டியில் பழைய பேட் இருக்கலாம். தடைக்குப் பிறகும் 2012-ல் செரி, கிரேட் வால் கார்கள் சுமார் 23,000 திரும்ப அழைக்கப்பட்டன, கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

கேலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கேலிப்பரின் ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் உறை ரப்பர் ஊதும்; பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் வழிகிறதா என்று பாருங்கள், பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும்.

எல்லாம் மாட்டி, வண்டியை இறக்கியதும் சாவியைத் திருப்பி ரிவர்ஸ் போட்டுவிடாதீர்கள். பிஸ்டன் உள்ளே போயிருக்கிறது; முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. டிரைவ்வேயிலிருந்து பின்னால் வந்து நேரே விண்ட்சர் ரோட்டு டிராஃபிக்கில் இறங்கியபின் இதைக் கண்டுபிடிப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நின்ற இடத்திலேயே பெடல் கல் மாதிரி கெட்டியாகும் வரை மிதியுங்கள். கெட்டியாகாமல் பஞ்சு மாதிரி அமுங்கினால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

அப்போது மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் காசு வாங்கிக்கொண்டு பிரேக் வேலை பார்ப்பவருக்கு 2013-ம் ஆண்டு மோட்டார் டீலர்ஸ் அண்ட் ரிப்பேரர்ஸ் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தெரிந்தவர், ஊர்க்காரர், பாதி விலை என்றாலும் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். ஃபேர் டிரேடிங்கின் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபிறகு சாவியைக் கொடுங்கள்.